கழியைக் கடந்து ஒரு மணல் தீவுக்கு



உத்திரமேரூர் என்றவுடன் உங்களுக்கு எது நினைவிற்கு வரும்? பள்ளிப் பாடநூலில் படித்த குடவோலை முறை நினைவிற்கு வரலாம். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் எங்கள் ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் இன்றும் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த வரலாற்றை அவை கூறுகின்றன. அவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு பேர். நீரைக் காப்பதற்கென்றே ஆள் நியமித்த ஊர் எங்களுடையது.

ஆதலால் எங்கள் ஊரார்க்கு நீர் என்றால் ஏரிதான். கல்வெட்டுகள் வயிரமேக தடாகம் என்று குறிப்பிடும் பெரிய ஏரியும், அதைச் சுற்றியுள்ள ஊர்தோறும் காணப்படும் சிற்றேரிகளும் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் கடல்? எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய கடலை, நாற்பத்து நான்கு வயதாகும் நான் விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகளே கண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் நிலவிய ஒரு தடை

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது என் தம்பி ஏரியில் மூழ்கி இறந்தான். அவனுக்கு ஒன்பது வயது. மழை ஓய்ந்து ஏரி நிரம்பியிருந்த நாள். கோடையில் மண் வெட்டி எடுத்த பள்ளம் நீருக்கடியில் மறைந்து கிடந்தது. முழங்கால் அளவு நீரில் நடந்து சென்றவன், அடுத்த அடியில் மறைந்துவிட்டான். உடன் சென்ற சிறுவர்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் நீர்நிலை என்ற பேச்சே கிடையாது. என் அம்மா பெரிதாக அழுது புலம்பும் இயல்புடையவர் அல்லர். ஆனால் ஒரு தடையை மட்டும் விதித்தார்: குடும்பத்துப் பிள்ளைகள் எவரும் ஏரிக்கரைப் பக்கம் போகக் கூடாது. எனக்குத் திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்த பின்பும் அந்தத் தடை தொடர்ந்தது. என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. மகனுக்கு ஒன்பது. இருவருக்கும் நீந்தத் தெரியாது. நன்னியின் சொல்லை மீறி நடக்க அவர்களும் துணியவில்லை, நாங்களும் துணியவில்லை.

சென்ற சனவரியில் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, மரக்கலம் ஓட்டியதால்தான் மரைக்காயர் என்று பெயர் வந்ததாகப் படித்தோம். கீழக்கரை சீதக்காதி வள்ளலும் கடல் வணிகர்தானாம். அப்படியிருக்க, நமக்கு மட்டும் ஏன் தண்ணீர் என்றால் இவ்வளவு பயம்?"

கேள்வியை அவள் கேட்டது என்னிடம். ஆனால் அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவிற்குப் பின், "எங்கேயாவது கூட்டிட்டுப் போறதா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போங்க. நான் பார்க்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லில் பிறந்ததுதான் நான் இங்கே எழுதும் பயணம்.

உத்திரமேரூரிலிருந்து கடலுக்கு

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் முதலியார்குப்பம். செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒதியூர்க் கழியின் கரையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை அங்கே இருக்கின்றது. அங்கிருந்து படகில் கழியைக் கடந்து மணல் தீவிற்குச் சென்று திரும்பலாம். துடுப்பால் தள்ளிச் செல்லும் கயாக் என்னும் சிறு படகும் உண்டு.

சுப்ஹுத் தொழுகை முடிந்தவுடன் புறப்பட்டோம். புளிச்சோறு, அவித்த முட்டை, வறுத்த கறி, குடிநீர், தொழுகை விரிப்பு, ஆளுக்கொரு மாற்றுடை ஆகியவை உடன் வந்தன. மதுராந்தகம் வழியாகச் செல்வது நேர் வழி. சற்றே விலகிச் சென்றால் வேடந்தாங்கலையும் பார்த்துவிடலாம். காலைப் பனியில் ஏரி மரங்கள் வெண்ணிறமாகத் தோன்றின. இலையைவிடப் பறவைகள் மிகுந்திருந்தன. நத்தைகுத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் பருவம் அது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அறிந்த அவ்வூர் உழவர்கள் வேட்டைக்காரர்களை விரட்டி வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களுடைய அந்த உரிமைக்கு ஆதரவளித்தார். 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலக அளவில் முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மதுராந்தகத்தைத் தாண்டிச் செய்யூரை நெருங்கும்போது நிலத்தின் நிறம் மாறுகின்றது. நெல் வயல் குறைகின்றது. பனையும் சவுக்கும் மிகுகின்றன. பின்னர் உப்பளங்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மதுராந்தகமும் செய்யூரும் அதனுடன் சென்றுவிட்டன. உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் ஏரி நாட்டிலிருந்து உப்பு நாட்டிற்குச் செல்லும் இந்தப் பழைய வழி மாறிவிடவில்லை.

கடலோரமாகச் செல்லும் இந்த நிலப்பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கழி என்றால் உப்பங்கழி. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர் என்றால், பெயரின் பழமையை நீங்களே உணரலாம். பிற்காலத்தில் வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயும் இந்தக் கழிகளை இணைத்துக்கொண்டு தெற்கே மரக்காணம் வரை செல்கின்றது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் இதன் வழியே படகுகளில் சென்னைக்குச் சென்றன.

கவச அங்கி

ஒன்பது மணியளவில் படகுத் துறையை அடைந்தோம். கழி நீர் அசைவற்றுக் கிடந்தது. அக்கரையில் வெண்ணிறக் கோடாக மணல். அதற்கப்பால் கண்ணுக்குத் தெரியாத கடலின் இரைச்சல். என் மகன் நீரைப் பார்த்தான், நன்னியைப் பார்த்தான், பேசாமல் நின்றான்.

சகோதரிகளே, இங்கே ஒரு செய்தியை உங்களிடம் வற்புறுத்திக் கூற வேண்டும். படகில் ஏறும் முன் ஒவ்வொருவர்க்கும் உயிர் காக்கும் மிதவை அங்கியைத் தருவார்கள். நம் பெண்களுள் சிலர் புர்காவின் மேல் அதைப் போடக் கூச்சப்பட்டுக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் தோளில் மாட்டிக்கொண்டு வாரைப் பூட்டாமல் விடுகிறார்கள். இன்னும் சிலர் அங்கியை உள்ளே அணிந்து மேலே புர்காவைப் போர்த்திக்கொள்கிறார்கள். மூன்றும் தவறு. நீரில் விழுந்தால் பூட்டாத அங்கி தலைவழியே கழன்றுவிடும். மேலே போர்த்திய நீண்ட துணி நனைந்து கனத்துக் கால்களைச் சுற்றிக்கொள்ளும். நானும் என் மகளும் தளர்வான சல்வாரும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, தலைத்துணியை ஊசியால் இறுக்கிக் குத்திக்கொண்டு, அதன் மேல் அங்கியைப் பூட்டிக்கொண்டோம். மறைக்க வேண்டியது மறைந்தது. காக்க வேண்டியதும் காக்கப்பட்டது.

என் அம்மா பேரப்பிள்ளைகள் இருவரையும் அருகில் அழைத்தார். ஒவ்வொரு வாராகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மகனின் அங்கி தோளுக்கு மேலே ஏறிக் காதைத் தொட்டது. "இது பெருசு. சின்னது கொடுங்க" என்று படகுத் துறைப் பணியாளரிடம் கேட்டு மாற்றி வாங்கினார். அந்தப் பணியாளர் சிரித்துக்கொண்டே, "அம்மா மாதிரி எல்லாரும் பார்த்தா எங்களுக்கு வேலையே இல்லை" என்றார்.

அம்மா இவ்வளவு கவனித்தது வீண் அச்சத்தால் அன்று. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாவாகச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2023ஆம் ஆண்டு மே 7 அன்று கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் தானூரில் ஒரு படகு கவிழ்ந்ததிலும் 22 உயிர்கள் போயின. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர், அவர்களுள் பச்சிளங் குழந்தைகள் உட்பட, ஒரே மாலைப் பொழுதில் ஜனாஸாக்களாயினர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதுதான் அங்கே நடந்த பெருந்தவறு. விடுமுறை நாளில் மகிழ்ச்சியாகப் புறப்பட்ட குடும்பங்கள்தாம் அவையும். ஆகவே படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள், எண்ணிப் பாருங்கள், மிகுதியானால் இறங்கிவிடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

மணல் தீவில்

விசைப்படகு கழியைக் கிழித்துக்கொண்டு சென்றது. கட்டுமரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கையசைத்தார். நம் கட்டுமரம் என்ற சொல்தான் ஆங்கிலத்திற்குச் சென்று உலகமெங்கும் வழங்குகின்றது என்று என் கணவர் பிள்ளைகளுக்குக் கூறினார். என் அம்மா படகின் நடுவில் அமர்ந்து, ஒரு கையால் மகனின் அங்கி வாரைப் பற்றியபடியே வந்தார். மறு கையில் தஸ்பீஹ்.

தீவு என்று சொல்கிறார்களே தவிர, இது இலட்சத்தீவைப் போன்ற பவளத் தீவு அன்று. கழிக்கும் கடலுக்கும் நடுவே அலைகள் குவித்த மணல் திட்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையோர மணலை வடக்கே தள்ளிக்கொண்டு செல்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்புகின்றது. இவ்வாறு மணல் குவிந்து கழியின் வாயை அடைப்பதும், ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து அதை உடைத்துக்கொண்டு கடலில் கலப்பதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. வாய் திறந்திருக்கும்போது கடலிலிருந்து இறாலும் மடவையும் கொடுவாவும் கழிக்குள் வந்து வளர்கின்றன. அந்த வாய்தான் இங்குள்ள மீனவர்களின் பிழைப்பு.

திட்டின் ஒரு பக்கம் நின்றால் கண்ணாடி போன்ற கழி. ஐந்து நிமிடம் நடந்து மறுபக்கம் சென்றால் முழங்கும் வங்கக் கடல். இரண்டையும் பார்த்த என் மகன், "ஒரே தண்ணி, ஆனா ரெண்டு குணம்" என்றான். உண்மைதான். ஆனால் கடல் பக்கத்தில் எங்கள் கால்களைக்கூட ஆழமாக நனைக்கவில்லை. அங்கே மணல் சட்டென்று சரிகின்றது. பின்வாங்கும் அலையின் இழுப்பு வலியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஏறி வந்ததும் இந்தக் கரையில்தான்.

துடுப்பின் பாடம்

தீவிலிருந்து திரும்பிய பின் கயாக் படகுகளின் பக்கம் சென்றோம். இனுயிட் மக்கள் வடதுருவப் பனிக்கடலில் வேட்டைக்குச் செல்ல, மரச் சட்டத்தின் மேல் சீல் என்னும் கடல் விலங்கின் தோலைப் போர்த்தி உருவாக்கிய படகின் வழிவந்தது இது. இன்று கடினப் பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றது. இரு முனையிலும் அலகுள்ள ஒரே துடுப்பு. வலப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். மாற்றி மாற்றித் தள்ளினால் நேராகச் செல்லும். இருவர் அமரும் படகில் முன்னால் இருப்பவர் தாளம் கொடுக்க வேண்டும். பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்றித் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி தந்த இளைஞர் கரையிலேயே எங்களை அமர வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "எழுந்து நிற்காதீங்க. ஒரே பக்கம் சாயாதீங்க. கவிழ்ந்தா பதற வேண்டாம். அங்கி தூக்கி வெச்சிருக்கும். படகைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருங்க, நாங்க வந்துடுவோம்."

இப்போது அனைவரும் என் அம்மாவைப் பார்த்தோம். மகள் கேட்கவில்லை, நின்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "நீ அவ பின்னாடி உக்காரு" என்றார்.

சகோதரிகளே, முப்பத்திரண்டு ஆண்டுகளாக நீரைக் கண்டாலே விலகி நடந்த நான், பிஸ்மில்லாஹ் சொல்லி அந்தச் சிறு படகில் அமர்ந்தேன். உடல் அசையும்போதெல்லாம் படகும் அசைந்தது. கைகள் நடுங்கின. நான் துடுப்பை ஆழமாகக் குத்தினேன், படகு சுழன்றது. "அம்மா, என் முதுகைப் பாருங்க. நான் வலது தள்ளும்போது நீங்களும் வலது" என்றாள் மகள். அவள் முதுகைப் பார்த்தேன். வலம், இடம், வலம், இடம். சிறிது நேரத்தில் படகு நேராயிற்று. துடுப்பிலிருந்து சொட்டும் நீரின் ஓசை தவிர வேறு ஒலி இல்லை. பத்தடி தூரத்தில் ஒரு வெண்கொக்கு எங்களைப் பொருட்படுத்தாமல் நின்றது. விசைப்படகில் காணாத கழியை அப்போதுதான் கண்டேன். அதன் ஆழம் குறைந்த இடங்களில் அடிமண் தெரிந்தது. சிறு மீன்கள் கூட்டமாகத் திரும்பின.

என் கணவரும் மகனும் வேறொரு படகில் வந்தார்கள். துணைக்குப் பணியாளர் ஒருவரும் அருகிலேயே வந்தார். கரையில் அம்மா நின்றுகொண்டே இருந்தார். நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்தும் அமரவில்லையாம். அரை மணி நேரம் கழித்து நாங்கள் கரையேறியபோது, முதலில் ஓடிவந்த என் மகனின் தலையைத் தொட்டுப் பார்த்தார். அது உலர்ந்திருந்தது.

ஆலம்பரையின் நிழலில்

லுஹர் தொழுகையையும் உணவையும் முடித்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கடப்பாக்கம் சென்றோம். அங்கே கழியோரத்தில் ஆலம்பரைக் கோட்டை சிதைந்து கிடக்கின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த கோட்டை. 1735இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலி கானின் ஆளுகையில் இருந்தது. இங்கே நாணயச் சாலை இருந்தது; கப்பல் துறை இருந்தது; சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் ஏற்றுமதியாயின. 1750இல் முசாபர் ஜங், பிரெஞ்சுக்காரர்களின் உதவிக்குக் கைம்மாறாக இதை டூப்ளேக்கு அளித்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். மிச்சம் நின்ற சுவர்களிலும் ஒரு பகுதியை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை சேதப்படுத்தியது.

இடிந்த மதிலின் மேல் நின்று மகள் கழியைப் பார்த்தாள். ஒரு காலத்தில் மரக்கலங்கள் வந்து நின்ற துறையில் இன்று சிறு மீன்பிடிப் படகுகள் நின்றன. அவள் சனவரியில் கேட்ட கேள்விக்கு விடை கூறும் இடம் அதுவென்று எனக்குத் தோன்றியது. பயம் நம் முன்னோரிடமும் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் நீரைக் கற்றுக்கொண்டார்கள். நாம் கற்பதை விட்டுவிட்டு, விலகுவதை மட்டும் பிள்ளைகளுக்குப் போதித்தோம்.

வீடு திரும்பும் வழியில்

மாலைக் கருக்கலில் வண்டி செய்யூரைக் கடந்தபோது பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். அம்மா வெளியே பார்த்தபடி பேசினார்: "அன்னைக்கு அவனுக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா, பள்ளத்துல விழுந்தாலும் நாலு கை அடிச்சுக் கரைக்கு வந்திருப்பான். நான் போகாதே போகாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கத்துக்கோன்னு ஒரு நாளும் சொல்லலை." சற்று நேரம் கழித்து, "இதுங்களுக்குக் கத்துக்கொடுங்க" என்றார்.

தம்பியைப் பற்றி அவர் இவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

அன்பு வாசகர்களே! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களுள் பெரும் பகுதியினர் குழந்தைகளும் இளைஞர்களும். இதைக் கருதியே ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம் என்பதுதான் குறை.

நீங்களும் ஒரு நாள் குடும்பத்தோடு இந்தக் கழிக்குச் சென்று வாருங்கள். மழை ஓய்ந்த பின் மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். வெயிலும் மிகாது, பறவைகளும் இருக்கும். காலையிலேயே செல்லுங்கள், பிற்பகலில் காற்று எழும். படகு ஓடுகின்றதா என்று முன்னதாகக் கேட்டறிந்து செல்லுங்கள். கொண்டு சென்ற பையையும் பாட்டிலையும் திரும்ப எடுத்து வாருங்கள்; அந்தக் கழி மீனவர்களின் சோற்றுத் தட்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, வாரைப் பூட்டாமல் படகில் ஏறாதீர்கள்.

என் மகனும் மகளும் இப்போது வாரந்தோறும் நீச்சல் பயிலச் செல்கிறார்கள். மகளுக்குப் பெண் பயிற்சியாளர் கிடைக்க அலைய வேண்டியிருந்தது, கிடைத்தார், அல்ஹம்துலில்லாஹ். சென்ற வாரம் மகன் முதன்முறையாகக் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரையைத் தொட்டான். வீட்டிற்கு வந்ததும் அதை முதலில் நன்னியிடம்தான் சொன்னான். அவர் அவன் தலையைத் தொட்டுப் பார்த்தார். இம்முறை நனைந்திருந்தது. துண்டை எடுத்துத் துவட்டிவிட்டார்.